[தீர்ந்தது] ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப்: லேப்டாப் திறக்க மாட்டேன் என்கிறது

தூத்துக்குடி_கணக்கர்

எல்லோருக்கும் வணக்கம். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். 2014ல் வாங்கிய லேப்டாப் வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ3 4005யூ, விண்டோஸ் 10. நேற்று ராத்திரி வேலை முடித்து ஷட் டவுன் செய்யும் வரை ஒரு குறையும் இல்லை. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு. கம்பெனி லோகோகூட வரவில்லை. பீ......ப், பிப், பிப். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் அதே. பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கும் வரை ஓய்வதில்லை.

பக்கத்தில் சர்வீஸ் செய்பவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். திறந்தே பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டதுமே "டிஸ்பிளே சிப் போச்சு சார், ரீபாலிங் பண்ணணும், ஆறாயிரம் ஆகும், கேரண்டி எல்லாம் கேட்காதீங்க" என்றார். ரீபாலிங் என்றால் சிப்பைக் கழற்றி, அடியில் புது சோல்டர் குண்டுகள் வைத்துத் திரும்ப ஒட்டுவதாம். பணம் ஒரு பக்கம். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டன் போட வேண்டிய பார்ட்டிகளின் டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா முழுக்க இதில்தான் இருக்கிறது. அது போனால் என் பிழைப்பே போச்சு.

பிராண்ட் பெயரைப் பொதுவில் போடவில்லை. போட்டால் "அந்தக் கம்பெனியே அப்படித்தான்" என்று இழை வேறு பக்கம் ஓடிவிடும். தேவைப்பட்டால் தனிச்செய்தியில் சொல்கிறேன்.

---

கோவை_கேமர்

சார், ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளேதான். அவார்டு பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) பீப் பட்டியலில் இருப்பது அதுதான். கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் ரீபாலிங் செய்யாதீர்கள். சூடு காட்டிக் கொடுப்பார்கள், கொஞ்ச நாள் ஓடும், பிறகு அதே கதை. அதற்கு முன்னால் எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு டிவியை மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் திரை மட்டும்தான் கோளாறு.

---

மதுரை_சோல்டர்

கணக்கர் சார், முதலில் மூச்சு விடுங்கள். உங்கள் டேட்டா ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. இந்த பீப் கேட்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் இன்னும் ஹார்ட் டிஸ்க் பக்கமே போகவில்லை. ஒருவேளை மதர்போர்டே போயிருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் படித்துவிடலாம். 2014 மாடல் என்பதால் அது சாதாரண இரண்டரை இஞ்ச் சாட்டா டிஸ்க்காகத்தான் இருக்கும். கேஸ் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும்.

கேமர் தம்பி, பட்டியலை மனப்பாடமாகச் சொல்வது நல்லதுதான், ஆனால் எந்த பயாஸின் பட்டியல் என்று பார்க்காமல் சொல்லக் கூடாது. பீப்புக்கு உலகப் பொது மொழி கிடையாது. ஒரு நீளம் இரண்டு குட்டை, அவார்டில் டிஸ்பிளே. அதே ஒரு நீளம் இரண்டு குட்டை, ஏசுஸ் மதர்போர்டு கையேட்டில் "ரேம் காணவில்லை", அதாவது நினைவகம் தெரியவில்லை. அங்கே டிஸ்பிளே கார்டு இல்லை என்பதற்கு ஒரு நீளம் மூன்று குட்டை. ஒரே சத்தத்துக்கு ஓர் இடத்தில் டிஸ்பிளே, இன்னோர் இடத்தில் ரேம். இதை நம்பி ஆறாயிரம் ரூபாய் வேலைக்குக் கை நீட்டுவதா?

டெல் லேப்டாப்களில் நீளம் குட்டை கணக்கே இல்லை, எண்ணிக்கைதான். இரண்டு பீப் என்றால் ரேம் தெரியவில்லை, நான்கு என்றால் ரேம் இருக்கிறது ஆனால் எழுதிப் படிப்பதில் தவறு, ஐந்து என்றால் உள்ளே காசு வடிவத்தில் இருக்கும் சின்ன பேட்டரி (காசு பேட்டரி) தீர்ந்துவிட்டது, எட்டு என்றால் திரை. கொஞ்சம் புதிய டெல்களில் சத்தத்துக்குப் பதில் பவர் விளக்கே ஆரஞ்சிலும் வெள்ளையிலும் மாறி மாறிச் சிமிட்டும். எச்பியின் அலுவலக மாடல்களில் மூன்று நீளம் இரண்டு குட்டை வந்தால் ரேம் பக்கம் பார்க்க வேண்டும். பழைய எச்பிகளில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும். திங்க்பேட் புது மாடல்கள் ஒரு குட்டி ராகமே பாடும், அதை போனில் லெனோவோவின் ஆப்பைத் திறந்து கேட்க வைத்தால் என்ன கோளாறு என்று அதுவே சொல்லும்.

எச்டிஎம்ஐ சோதனை இப்போது உதவாது. லோகோ வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. ரேம் சோதனையில் விழுந்த மெஷின் எந்தத் திரைக்கும் படம் அனுப்பாது. படம் வரவில்லை என்பதால் டிஸ்பிளே சிப் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. கடைகளில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

உங்களிடம் கேட்பவை: மாடல் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சத்தத்தை போனில் பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு எண்ணுங்கள். நேரடியாக எண்ணும்போது பதற்றத்தில் ஒன்று கூடும், ஒன்று குறையும். சத்தம் ஸ்பீக்கர் பக்கமிருந்து வருகிறதா, அடியில் டிஸ்க் இருக்கும் பக்கமிருந்து வருகிறதா என்று காதை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் மோட்டார் சிக்கிக்கொண்ட ஹார்ட் டிஸ்க்கும் மெல்லிசாகக் கீச்சிடும், அது வேறு வியாதி. பிறகு சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, மவுஸ், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கட்டும். பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டிப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

தூத்துக்குடி_கணக்கர்

மிக்க நன்றி சார். டிஸ்க் தனியாக வரும் என்று படித்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

பதிவு செய்து கேட்டோம். மகள் இரண்டு தடவை எண்ணினாள், ஒரு நீளம், இரண்டு குட்டைதான். ஸ்பீக்கர் பக்கமிருந்துதான் வருகிறது. பேட்டரியைக் கழற்றி நீங்கள் சொன்ன மாதிரி அழுத்திப் பிடித்தும் பார்த்தாயிற்று. மாற்றமில்லை. மாடல் எண் அனுப்பிவிட்டேன்.

இன்னொரு விஷயம். முதலில் 4 ஜிபி ரேம் இருந்தது. டேலியும் பிரவுசரும் சேர்ந்து திறந்தால் திணறுகிறது என்று போன வருஷம் ஒரு கடையில் கொடுத்து இன்னொரு 4 ஜிபி போட்டேன். பழைய சரக்குதான், ஆனால் அதற்குப் பிறகு நன்றாகவே ஓடியது.

---

மதுரை_சோல்டர்

அந்தக் கடைசிப் பத்தியை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் என் விரலுக்குப் பாதி வேலை மிச்சம். :)

பின்பக்கம் ஒற்றை ஸ்க்ரூ போட்ட சின்ன மூடி ஒன்று இருக்கும், உங்கள் மாடலில் ரேம் அதற்குள்தான். பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் திறங்கள். இரண்டு ரேம்களையும் எடுத்துவிடுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் க்ளிப்புகளை வெளிப்பக்கமாக விரித்தால் ரேம் தானாகவே எழும்பி நிற்கும், அதே சாய்வில் இழுங்கள். விரல் பொன்னிறப் பற்களில் படக் கூடாது, ஓரத்தைப் பிடியுங்கள். கையில் வைக்கும் முன் ஏதாவது ஒரு இரும்புச் சாமானைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ரேமே இல்லாமல் சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள். ஒன்றும் கெடாது. என்ன சத்தம் வருகிறது என்று மட்டும் கேளுங்கள். இந்த மாடலுக்கான பீப் பட்டியலைத் தேடுவதைவிட இந்தச் சோதனை நம்பகமானது. ரேம் இல்லாதபோதும் அதே ஒரு நீளம் இரண்டு குட்டை வந்தால், இத்தனை நேரமும் மெஷின் "ரேம் தெரியவில்லை" என்றுதான் கத்திக்கொண்டிருந்தது என்று பொருள். சத்தம் வேறு மாதிரி மாறினால், ரேம் அதற்குத் தெரிந்துதான் இருந்தது, கோளாறு வேறு இடத்தில்.

---

வாத்தியாரம்மா

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் லேப்டாப்பும் பீப் அடிக்கிறது, ஆனால் எண்ணவே முடியாது, ஆன் செய்ததிலிருந்து நிற்காமல் பிப்பிப்பிப் என்று ஒரே ஓட்டம். சில சமயம் லோகோ வரை வருகிறது, பிறகு நிற்கிறது. நானும் ரேமைக் கழற்ற வேண்டுமா?

---

யாழ்_திருத்தகம்

வணக்கம் டீச்சர். கழற்ற முதல் ஒரு கேள்வி. கீபோர்டில தேத்தண்ணி, தண்ணி ஏதும் சிந்தினதோ?

---

வாத்தியாரம்மா

உங்களுக்கு எப்படித் தெரிந்தது! காபி. கொஞ்சம்தான். உடனே துடைத்துவிட்டேன்.

---

யாழ்_திருத்தகம்

கொஞ்சம் எண்டாலும் சீனி இருக்கே. அது காய்ந்து ஒரு விசையைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும். ஆன் செய்யிற நேரம் ஒரு விசை அழுத்தினபடி இருந்தால், நிறைய மடிக்கணினிகள் இப்படி நிற்காமல் கத்தும். லோகோ வரை வருவதால் உங்களுடைய நினைவகத்தில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. ஒவ்வொரு விசையாக அழுத்தி விட்டுப் பாருங்கோ, எது மேலே வரச் சுணங்குதோ அதுதான் ஆள். உறுதிப்படுத்த வேண்டுமெண்டால் பக்கத்தில் இருக்கிற கடையில் கீபோர்டின்ர பட்டை வயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யச் சொல்லுங்கோ. சத்தம் நிண்டால் கீபோர்டை மட்டும் மாற்றினால் போதும்.

அதுவரைக்கும் அதிகம் ஆன் செய்யாதேங்கோ. ஈரம் போர்டு வரைக்கும் இறங்கியிருந்தால் கரண்ட் பாயப் பாய அரிப்புக் கூடும். பாலும் சீனியும் போட்ட காப்பி வெறும் தண்ணியை விட மோசம்.

---

கோவை_கேமர்

மதுரை அண்ணா, ரேம் இல்லாமல் ஆன் செய்யச் சொல்வது சரிதானா? என் நண்பன் ஒருவன் அப்படிச் செய்து போர்டு போய்விட்டது என்றான்.

---

மதுரை_சோல்டர்

கரண்ட் இருக்கும்போதே ரேமைப் பிடுங்கியிருப்பான் உன் நண்பன். அப்படிச் செய்தால் போர்டும் போகும், ரேமும் போகும். பேட்டரியைக் கழற்றாமல் சார்ஜரை மட்டும் எடுத்துவிட்டு "கரண்ட் இல்லையே" என்று நினைப்பவர்கள் அதிகம். ஸ்லாட் காலியாக இருக்கும்போது ஆன் செய்வதில் ஆபத்து இல்லை. பீப் என்ற ஏற்பாடே அதற்காகத்தான். திரையில் எழுத்து காட்டக்கூட வழியில்லாத நிலையில் மெஷினிடம் மிஞ்சியிருப்பது ஒரு ஸ்பீக்கர்தான். 1981ல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இது உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு குட்டை பீப் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கும்.

---

தூத்துக்குடி_கணக்கர்

சார், ரேம் இரண்டும் வெளியே. ஆன் செய்தேன். அதே பீ......ப், பிப், பிப்! ஒரு மாற்றமும் இல்லை.

மூடியைத் திறந்தபோது ஒன்று பார்த்தேன். ரேமின் பற்களில் அங்கங்கே மங்கலாக, பச்சையும் கறுப்பும் கலந்த மாதிரி புள்ளிகள். ஸ்லாட் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி. எங்கள் வீடு உப்பளத்துக்குப் பக்கம்தான்.

---

மதுரை_சோல்டர்

நல்ல சேதி. டிஸ்பிளே சிப்பை மறந்துவிடலாம். உப்புக் காற்றுதான் முதல் சந்தேகம். கடலோரத்திலிருந்து வரும் மெஷின்களில் ரேம் பற்களும் சார்ஜிங் பின்னும்தான் முதலில் அடி வாங்கும். பொன் பூச்சு மிக மெல்லியது, அது எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே அடியில் இருக்கும் உலோகம் துருவேறும்.

சுத்தம் செய்ய: பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பற்களின் மேல் மெல்ல, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தேயுங்கள். பல் பளிச்சென்று வந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். தூளை உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

---

யாழ்_திருத்தகம்

அண்ணை, இந்த ரப்பர் விசயத்தில் நான் உங்களோட உடன்படமாட்டன். ரப்பர் பொன்பூச்சைத் தேய்க்கும். அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் இன்னும் வேகமாகக் கறள் பிடிக்கும். போதாததுக்குத் தூள் ஸ்லாட்டுக்குள்ள விழுந்தால் அதுவே ஒரு தடை. 99 வீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹோல், பஞ்சு விடாத துணி, அவ்வளவுதான். நாங்களும் கடலுக்குப் பக்கத்திலதான் இருக்கிறம், எங்கட கடையில ரப்பரே வைத்திருப்பதில்லை.

---

மதுரை_சோல்டர்

தம்பி சொல்வது முறைப்படி சரி. எண்ணெய்ப் பசை, தூசி என்றால் ஐபிஏ (அந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான்) ஒன்றே போதும். ஆனால் பச்சை படிந்துவிட்ட பல்லில் ஐபிஏ மட்டும் ஏறாது, லேசாக ஒரு உரசல் தேவைப்படுகிறது. என் மேசையில் முதலில் ஐபிஏ, அதில் போகாத இடத்துக்கு மட்டும் ரப்பர், திரும்பவும் ஐபிஏ. மணல் கலந்த ரப்பர் கூடவே கூடாது, உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். ஸ்லாட்டுக்குள் எதையும் விட்டுக் குடைய வேண்டாம். பிரஷ்ஷை ஐபிஏயில் தொட்டு ஒரு இழுப்பு, பிறகு நன்றாகக் காய விடுங்கள்.

சார், மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் சின்ன பாட்டிலில் தருவார்கள்.

காய்ந்த பிறகு ஒரே ஒரு ரேம், அதுவும் கம்பெனியோடு வந்த பழைய ரேம். சுமார் 30 டிகிரி சாய்வில் பற்கள் முழுக்க உள்ளே போகும்படி தள்ளி, கீழே அமுக்கினால் இரு பக்க க்ளிப்பும் டக் என்று பிடிக்கும். பற்களின் பொன்னிறம் கோடாகக்கூட வெளியே தெரியக் கூடாது. பாதி மாட்டிய ரேமும் இதே பீப்பைத்தான் கொடுக்கும், நிறையப் பேர் இங்கேயே தோற்கிறார்கள். ஆன் செய்து அவசரப்படாமல் ஒரு நிமிடமாவது விடுங்கள், ரேம் மாறினால் முதல் தடவை அது அளந்து பார்த்துக்கொள்ள நேரம் எடுக்கும். வந்தால் அணைத்துவிட்டு அதே ரேமை இரண்டாம் ஸ்லாட்டில். பிறகு கூடுதல் ரேமை மட்டும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும். எது எதில் ஓடியது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கணக்கருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

---

வேலை_தேடுபவன்

என் லேப்டாப்பில் அப்படி மூடியே இல்லை. முழு அடிப்பாகமும் கழல்கிறது, உள்ளே ரேம் ஸ்லாட்டும் காணோம். பீப் வந்தால் நான் என்ன செய்வது?

---

கோவை_கேமர்

மெல்லிசான மாடல்களில் ரேமை போர்டிலேயே சோல்டர் செய்துவிடுகிறார்கள் நண்பா. கழற்றி மாட்ட வழியில்லை. வாரண்டி இருந்தால் நேராக அங்கே போ, நீயாகத் திறக்காதே. வாரண்டி இல்லை என்றால் சிப் லெவலில் வேலை செய்பவர்தான். வாங்கும்போதே ஒரு ஸ்லாட்டாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

---

தூத்துக்குடி_கணக்கர்

வந்துவிட்டது!! லோகோவைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் கை தட்டினார்கள்.

எழுதி வைத்தது இது:

பழைய ரேம், முதல் ஸ்லாட்: ஓடுகிறது.
பழைய ரேம், இரண்டாம் ஸ்லாட்: ஓடுகிறது.
கூடுதல் ரேம், முதல் ஸ்லாட்: பீப்.
கூடுதல் ரேம், இரண்டாம் ஸ்லாட்: பீப்.

கூடுதல் ரேமை மறுபடியும் சுத்தம் செய்து மாட்டினேன், அப்போதும் பீப்தான். அப்படியானால் கோளாறு அந்த ரேமில் மட்டும்தானே? ஆனால் ஒரு வருஷம் ஓடியது எப்படி? இரண்டின் ஸ்டிக்கரையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

---

மதுரை_சோல்டர்

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பெனி ரேமின் ஸ்டிக்கரில் பிசி3எல்-12800எஸ். கூடுதல் ரேமில் பிசி3-12800எஸ். நடுவில் ஒரு "எல்" இல்லை. உங்கள் கதை முழுக்க அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

"எல்" இருந்தால் அது டிடிஆர்3எல், 1.35 வோல்ட்டில் வேலை செய்யும். இல்லாதது சாதாரண டிடிஆர்3, அதற்கு 1.5 வோல்ட் வேண்டும். உங்கள் 4005யூ பிராசசர் கழற்றி மாட்டும் ரேம்களில் டிடிஆர்3எல்லை மட்டுமே ஏற்கும், போர்டு 1.35தான் கொடுக்கும். சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் அதே 204 பின், பற்களுக்கு நடுவே இருக்கும் வெட்டும் அதே இடத்தில். டிடிஆர்4 என்றால் 260 பின், வெட்டு வேறு இடத்தில், மாட்டவே மாட்டாது, தப்பிப்போம். இவை இரண்டும் டக்கென்று உட்கார்ந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ஒரு வருஷம் ஓடியதற்குக் காரணம், சில ரேம்கள் 1.35லும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். விளிம்பில் நடப்பதுதான், ஆனாலும் நடக்கும். வயதும் வெயிலும் ஏற, பற்களில் உப்பும் சேர, ஒரு நாள் காலையில் நின்றுவிடும். அது செத்தேவிட்டதா, 1.5 கொடுத்தால் எழுமா என்பது வேறு மெஷினில் போட்டால்தான் தெரியும். நடுவில் காரணமில்லாமல் நீலத்திரை வந்ததுண்டா?

---

தூத்துக்குடி_கணக்கர்

சித்திரை, வைகாசி வெயிலில் அடிக்கடி வந்தது சார். விண்டோஸ் அப்டேட் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது புதுச் சிக்கல். விண்டோஸ் வந்துவிட்டது, டேலி திறக்கிறது, ஆனால் ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை. ஜிமெயிலும் திறக்கவில்லை. "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எல்லாத் தளத்துக்கும் சொல்கிறது. வைரஸ் ஏதாவது புகுந்துவிட்டதா?

---

யாழ்_திருத்தகம்

வைரஸ் இல்லை ஐயா, கீழே வலப்பக்க மூலையில திகதியைப் பாருங்கோ.

---

தூத்துக்குடி_கணக்கர்

2014 ஜனவரி 1 என்று இருக்கிறது!

---

யாழ்_திருத்தகம்

அதுதான். மடிக்கணினி தான் பிறந்த வருசத்துக்கே திரும்பிப் போயிட்டுது. தளங்களின்ர பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் இருக்கும். உங்கட கணினிக்கு இப்ப 2014 என்பதால, அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் அதுக்கு இன்னும் பிறக்காத பிள்ளைகள். திகதியையும் நேரத்தையும் கையால சரி செய்யுங்கோ, எல்லாம் திறக்கும்.

காரணம் உள்ளே இருக்கிற காசு பற்றரி. பெரிய பற்றரி பூட்டியிருக்கும் வரைக்கும் அனேக மடிக்கணினிகளில மணிக்கூடு அதில இருந்தே கரண்ட் எடுத்து ஓடும், காசு பற்றரி செத்தது வெளியில தெரியாது. நீங்கள் பெரிய பற்றரியைக் கழற்றினதும் குட்டு வெளிப்பட்டது. சிஆர்2032 எண்டு கேளுங்கோ, 3 வோல்ட். சில மாடல்களில் அதை ரெண்டு வயரோட சுருட்டி ஒட்டியிருப்பினம், அப்படியெண்டால் வயரும் பிளக்கும் உள்ளதாகவே வாங்க வேணும்.

---

மதுரை_சோல்டர்

சரியாகச் சொன்னீர்கள். இதோடு இன்னொன்றும் நடக்கும், இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக: காசு பேட்டரி போனால் பயாஸ் அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். அப்போது சிலருக்கு "பூட் டிவைஸ் இல்லை" என்று வரும், அல்லது விண்டோஸ் பாதியில் நீலத்திரையாக நிற்கும். டிஸ்க் போய்விட்டது என்று ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பயாஸில் பூட் முறை (விண்டோஸைத் தொடங்கும் விதம்) யூஇஎஃப்ஐயா லெகசியா, சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் விதம்) ஏஎச்சிஐயா ரெய்டா என்று பார்த்து, முன்பு இருந்ததற்கு மாற்றினால் போதும். புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும், அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

கணக்கர் சார், மற்றதை எல்லாம் விடுங்கள், இப்போதே டேட்டாவை வெளியே எடுங்கள். டேலியின் டேட்டா ஃபோல்டருக்குள் 10000, 10001 மாதிரி எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று. டேலியை மூடிவிட்டு அந்த முழு ஃபோல்டரையும் இரண்டு இடத்துக்கு நகல் எடுங்கள். டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப்பும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ராத்திரி தூங்கப் போகும்போது மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை புரோகிராமை ஒரு பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து பழைய ரேமைச் சோதிக்க விடுங்கள். காலையில் ஒரு சிவப்பு வரிகூட இருக்கக் கூடாது. ஒன்று இருந்தாலும் அந்த ரேமை நம்பிக் கணக்கு எழுதாதீர்கள். கெட்ட ரேம் மெஷினை நிறுத்துவதைவிட, நிற்காமல் ஓடிக்கொண்டே ஃபைலைக் கெடுப்பதுதான் மோசம்.

---

கோவை_கேமர்

சரி, டிஸ்பிளே என்று சொன்னது நான், ரேம் இல்லாமல் ஆன் செய்த சோதனையிலேயே அது விழுந்துவிட்டது. ஒரு சந்தேகம் அண்ணா. புது ரேம் வாங்கினால் 4 ஜிபி போதுமா, 8 ஆக வாங்கலாமா? இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்கிறார்களே?

---

மதுரை_சோல்டர்

அந்த பிராசசர் மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். 4ஓடு 8 சேர்த்தாலும் ஓடும். ஒரே அளவு இரண்டு போட்டால் இரட்டைப் பாதையில் முழுவதும் ஓடும் என்பது லாபம்தான், ஆனால் டேலிக்கும் பிரவுசருக்கும் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விலை பார்த்து வாங்குங்கள். ஸ்டிக்கரில் "எல்" இருக்க வேண்டும், அதைக் கடையிலேயே படித்துவிட்டுக் காசு கொடுங்கள். பழைய சரக்காக இருந்தால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மிச்சக் காசு இருந்தால் அந்த ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்குங்கள், ரேமைவிட அதில்தான் வேகம் தெரியும்.

---

வாத்தியாரம்மா

என் சேதியும் சொல்லிவிடுகிறேன். ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில் ஆல்ட் விசை ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் கீபோர்டு வயரைக் கழற்றிப் போட்டதும் சத்தம் நின்றது. போர்டில் ஈரம் இறங்கவில்லை என்று காட்டினார்கள். கீபோர்டு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், அதுவரை யூஎஸ்பி கீபோர்டு. யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு நன்றி.

---

தூத்துக்குடி_கணக்கர்

மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, பிழை பூஜ்யம். பிசி3எல் ரேம் ஒன்று வாங்கி மாட்டினேன், 8 ஜிபி காட்டுகிறது. காசு பேட்டரியும் மாற்றியாயிற்று, சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் தேதி நகராமல் நிற்கிறது. ரேம், பேட்டரி எல்லாம் சேர்த்தும் ரீபாலிங்குக்குக் கேட்டதில் கால் பங்குகூட ஆகவில்லை. 3பி எல்லாம் போட்டு முடித்தாயிற்று.

அந்த "எல்" இல்லாத ரேமை என்ன செய்வது? குப்பைதானா?

---

கோவை_கேமர்

சார், அதை எனக்கு அனுப்ப முடியுமா? தபால் செலவு என்னுடையது. மாமாவிடம் இரண்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப் ஒன்று இருக்கிறது, அது 1.5 வோல்ட் ரேம்தான். மாட்டிப் பார்க்கிறேன்.

---

மதுரை_சோல்டர்

அனுப்புங்கள் சார், ஸ்பாஞ்சில் சுற்றாமல் வெள்ளிநிற ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில் போட்டு. புது ரேம் வந்த கவர் இருக்குமே, அதுவே போதும். தம்பி, ஐபிஏயால் துடைத்து, ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு மாமாவிடம் கொடு. ஒரு சிவப்பு வரி வந்தாலும் தூக்கிப் போட்டுவிடு.

---

மட்டுறுத்துநர்

தலைப்பில் "தீர்ந்தது" சேர்த்தாயிற்று. வேறு பீப் வகை உள்ளவர்கள் புது இழை தொடங்கவும். பதிவோடு மாடல் எண், சத்தத்தின் எண்ணிக்கை, அண்மையில் உள்ளே ஏதாவது மாற்றினீர்களா என்பது மூன்றும் இருக்கட்டும்.